அப்டேட் அபாயச் சங்கு

குத்தாலிங்கம் அண்ணாச்சி சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் நம்புகிறவன்கூட ஏமாளிதான் என்று அம்பாசமுத்திரத்தில் ஒரு பேச்சு உண்டு. இது தெரிந்தும் ஜெபக்கனி அன்று காலை பத்தரை மணிக்கு அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைப் படியேறினாள் என்றால், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஜெபக்கனிக்கு வேலை 'ஊர்க்குரல்' கேபிள் டிவியில். ஒளிபரப்பு அறையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரும் அவளும்தான் அந்த டிவி. முதலாளி இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெட்டியில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். அது பாட்டுக்கு ஓடியது. பழைய கேமரா போன வாரம் படித்துறையில் கைநழுவி ஆற்றோடு போனது. கேமராமேன் பீர் மைதீன் புதுக் கேமரா வாங்கி வந்து மாட்டினான். பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இருக்கிற மென்பொருள் மூன்று வருடப் பழசு, இந்தக் கேமரா பிறப்பதற்கு முன்னாடியே தூங்கிப்போனது. அப்டேட் போட்டால்தான் கண் திறக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் தேரோட்டம். நேரடி ஒளிபரப்பு என்று முதலாளி ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நடக்க முடியாத கிழடுகட்டைகளும், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவர்களும், துபாயில் இருக்கிற பாதி ஊரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் அன்று அப்படித்தான் போட்டாள். பெட்டி மறுபடி எழுந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. அன்று முழுக்க ஊர் டிவியில் ஒன்றுமில்லை. முதலாளி நடுத்தெருவில் நின்று அவளை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் அவள் குத்தாலிங்கத்தின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்தாள். குழுவின் பெயர் 'அப்டேட் அபாயச் சங்கு'. சுற்று வட்டாரத்தில் லினக்ஸ் வைத்திருக்கிற பள்ளிக்கூடம், இ-சேவை மையம், ஆஸ்பத்திரி என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஆபத்தான அப்டேட் வருகிறதென்றால் அண்ணாச்சி முன்கூட்டியே ஒரு சங்குப் படம் போட்டு எச்சரிப்பார். வேறு யாரும் அதில் வாய் திறக்க முடியாது. ஜெபக்கனி அவர் கதையை நம்பியதில்லை, சங்கை நம்பினாள்.

கடையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட கிளார்க் ஆறுமுகநயினார். மடியில் ஒரு சிபியூவைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ரிப்பேருக்குக் கொடுக்க வந்து அது மூன்றாவது நாள்.

"அண்ணாச்சி, ஒரே கேள்விதான்," என்றாள் ஜெபக்கனி, நின்றபடியே. "இன்னைக்கு அப்டேட் போடலாமா, கூடாதா? போட்டா எதைப் போடக் கூடாது?"

குத்தாலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். "உக்காரு பிள்ள. இதெல்லாம் நின்னுக்கிட்டு கேக்குத கேள்வியா? அப்டேட்டுன்னா என்னன்னு நெனச்ச? எனக்கு வாடையிலயே தெரியும். டவுன்லோடு ஆவும்போதே கெட்ட அப்டேட்டு கருகுன வாடை அடிக்கும்."

"அது என் பெட்டியில உள்ள பவர் சப்ளை எரிஞ்ச வாடை வே," என்றார் நயினார். "மூணு நாளா அடிக்கி."

குத்தாலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "போன ஆடி மாசம் நடந்ததைக் கேளு. ஆலங்குளம் பக்கம் காத்துல கரண்டு எடுக்குத காத்தாடி கம்பெனி ஒண்ணு. பேரு வேண்டாம். இருநூறு காத்தாடி, அம்புட்டும் லினக்ஸ்ல ஓடுது. நான் மொத நாளே சங்கு ஊதிட்டேன், போடாதீங்கடேன்னு. அங்க ஒரு சின்ன வயசு இஞ்சினியர், சிரிச்சுக்கிட்டே அமுக்கிட்டான். அமுக்கின விரலை எடுக்கல, இருநூறு காத்தாடியும் நின்னு, எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சிட்டு. காத்துல சுத்த வேண்டியது காத்தை ஊதுது! தென்மேற்குப் பருவக்காத்து மிரண்டு போயி, வந்த வழியே திரும்பி, ஆரியங்காவு கணவாய் வழியா கேரளாவுக்கே போயிட்டு. குத்தாலத்துல அருவி மேல்நோக்கி விழுது. குளிச்சுக்கிட்டு நின்ன நாலு பேரு எண்ணெய்த் தலையோட மலை உச்சியில போயி உக்காந்துட்டான்."

"நாலு பேரா, அஞ்சு பேரா?" நயினார் கேட்டார்.

"நாலு. அஞ்சாவது ஆளு சோப்பு வாங்கப் போயிருந்தான்."

ஜெபக்கனி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி. இன்னைக்கு உள்ள அப்டேட்டு?"

"வாரேன், அதுக்குத்தான் வாரேன்." அவர் வரவில்லை. "வாடை பிடிச்சா மட்டும் போதாது பிள்ள. வேகம் வேணும். ஒரு தடவை நான் மதுரையில நிக்கேன். நாசமாப்போன அப்டேட்டு ஒண்ணு சென்னையில இருந்து தெற்கே கெளம்பிட்டுன்னு தகவல். கேபிளு நாலுவழிச் சாலை ஓரமாத்தான வருது? எடுத்தேன் டிவிஎஸ் பிப்டியை. விட்டேன்."

"கேபிளுக்குள்ள அது வெளிச்சத்து வேகத்துல வரும்," என்றாள் ஜெபக்கனி. "நீங்க டிவிஎஸ் பிப்டியில."

"நெசந்தான். ஆனா வழியில டோல்கேட்டு இருக்குல்லா? அது வரிசையில நின்னுல்லா வரணும்? நமக்கு ரெண்டு சக்கரம். டோல் கிடையாது."

நயினார் மடியிலிருந்த சிபியூவைத் தட்டிக்கொடுத்தார், அதற்காவது ஆறுதல் சொல்வது போல.

"கயத்தாறு தாண்டி ஓரங்கட்டினேன். மண்ணுல காதை வச்சேன். வருது! ஒம்பது ஜிபி, சாரைப்பாம்பு மாதிரி சரசரன்னு வருது. கையாலேயே பள்ளம் பறிச்சு, கேபிளை வெளிய இழுத்து, தோட்டத்துக்குத் தண்ணி விடுத ஓஸை மடிக்க மாதிரி ரெண்டா மடிச்சு, மேல ஏறி நின்னுட்டேன். தெற்கே நாலு ஜில்லாவுலயும் எல்லாம் அப்படியே நிக்கி. நாங்குநேரியில ஒரு கல்யாண வீடு. சிங்கப்பூருக்கு வீடியோ கால்ல காட்டிக்கிட்டு இருக்கானுவ. மாப்பிள்ளை தாலியைத் தூக்கின கையோட ரெண்டு மணி நேரம் நிக்கான்."

"முகூர்த்தம் தப்பிப் போயிருக்குமே வே?"

"அதான் இல்ல. முகூர்த்தமும் அந்தக் கேபிள்லதான் வந்துக்கிட்டு இருந்துச்சு."

ஜெபக்கனிக்கு உள்ளங்கால் அரித்தது. மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஒரு காரியத்துக்காக வந்தவளை உட்காரவைத்து, மனுஷன் வாயாலேயே தேர் இழுக்கிறார். எழுந்தாள். எழுந்தால் விடுகிற ஆளா?

"உனக்கு நம்பிக்கை இல்ல. சரி. அப்டேட்டு எழுதுதானுவளே வெளிநாட்டுக்காரனுவ, அவனுவளுக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் போன். 'அண்ணாச்சி, விடட்டுமா? விட்டா யாருக்கும் கேடு வருமா?'ன்னு."

"எந்தப் பாஷையில கேப்பானுவ வே?"

"நம்ம பாஷையிலதான். நான் படிச்சுக் கொடுத்தேன்லா? மொதல்ல 'லே'யையும் 'வே'யையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு கெடந்தானுவ. பெரிய மனுஷனை 'லே'ங்குதது, சின்னப் பயலை 'வே'ங்குதது. இப்ப சுத்தமா பேசுதானுவ."

"அண்ணாச்சி, நாலு மணிக்குத் தேரு."

"தேரைப் பத்திப் பேசுத? நான் ஆகாசத்தைப் பத்திப் பேசுதேன்!" குத்தாலிங்கம் எழுந்தே விட்டார். கை மேலே போனது. "அங்க ஒரு சாட்டிலைட்டு. லினக்ஸ்தான். எவனோ அப்டேட்டைப் போட்டுட்டான். பாதியில மாட்டிக்கிட்டு. போடலாம்னா 'ஒய்', வேண்டாம்னா 'என்', அமுக்க ஆளில்ல. 'ஒய்யா? என்னா? ஒய்யா? என்னா?'ன்னு கேட்டுக்கிட்டே நேரா நம்ம தாலுகாவைப் பாத்து விழுந்துகிட்டு வருது. ஊரே ஓடுது. நான் ஓடல. மொட்டை மாடியில ஏறினேன். கோயில் கொடைக்குக் கட்டியிருந்த மைக்செட்டைப் பிடுங்கினேன். 'என்!' ஒரே சத்தம். அந்தரத்துலயே நின்னுட்டு. இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவை நம்ம கடைக்கு நேர் மேல வந்து நிக்கும். 'அண்ணாச்சி, இந்த மாசத்து அப்டேட்டைப் போடட்டா?'ன்னு பவ்யமா கேக்கும். 'போடாத'ம்பேன். போயிரும்."

நயினார் அண்ணாந்து கடைக் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லி இருந்தது.

ஆனால் ஜெபக்கனி வேறெங்கோ பார்த்தாள். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவளை உறுத்தியது. "மாசா மாசம் 'போடாத'ன்னா சொல்லுவிய?" என்று கேட்டாள்.

"பொறவு?"

அவள் மறுபடி உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். சங்குக் குழுவைத் திறந்து கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். சங்குப் படம், 'போடாதீங்க'. சங்குப் படம், 'போடாதீங்க'. போன மாதம், அதற்கு முந்தின மாதம், போன வருடம். 'அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். போடாதீங்க.' அவர் மகளுக்குச் சடங்கு அழைப்பிதழ், அதற்குக் கீழே, 'போடாதீங்க.' மூன்று வருடத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு சங்கு. அவ்வளவும் ஒரே சத்தம்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுலகூட 'போடலாம்'னு இல்லையே?"

"இருக்காது. அதனாலதான் நான் ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்ல," என்றார் குத்தாலிங்கம், நெஞ்சை நிமிர்த்தி. "கெட்ட அப்டேட்டு ஒண்ணாவது என் கண்ணுக்குத் தப்பியிருக்கா, சொல்லு."

"நல்ல அப்டேட்டு ஒண்ணாவது தப்பியிருக்கான்னு அவ கேக்கா," என்றார் நயினார். "தெனமும் மழை வரும் மழை வரும்னு சொல்லுதவனுக்கு ஐப்பசியில பேரு கிடைக்கும் வே. சித்திரை வெயில்ல குடையோட நிக்கவன் கஷ்டத்தைக் கேக்க யாரு இருக்கா?"

ஜெபக்கனிக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது. பெட்டி ஏன் மூன்று வருடமாகத் தூங்குகிறது? இந்த மனுஷன் சொன்னதைக் கேட்டு. புதுக் கேமரா ஏன் தெரியவில்லை? இந்த மனுஷன் சொன்னதைக் கேட்டு. காவல்காரன் என்று நினைத்து அவள் கதவில் உட்காரவைத்தது ஒரு பூட்டை. அதற்குச் சாவியும் கிடையாது.

"சரி, இந்த நூத்துத் தொண்ணூத்தாறுல நெசமா கெட்டது எது? ஒண்ணைச் சொல்லுங்க. எந்தப் பெட்டியை அது கெடுத்துச்சு, ஏன் கெடுத்துச்சு?"

குத்தாலிங்கம் மேசை மேலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். "அதெல்லாம் ரகசியம்."

நயினார் எட்டி அவர் மேசை மானிட்டரைப் பார்த்தார். மடியில் கனம் இருந்தாலும் கழுத்து நன்றாகவே நீண்டது. "ஓய் குத்தாலிங்கம். உம்ம பெட்டியில ஓடுதது விண்டோசுல்லா?"

கடையில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. கூரையில் தொங்குகிற காற்றாடி. அது சரியான பக்கமாகத்தான் சுற்றியது.

"பத்தியம் சொல்லுத வைத்தியன் பத்தியம் இருக்கணும்னு சட்டமா?" என்றார் குத்தாலிங்கம். "லினக்ஸ் பக்கத்துல இருந்தா எனக்கு வாடை தெரியாமப் போயிரும். அதான் தள்ளி வச்சிருக்கேன்."

ஜெபக்கனி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். 

பதினொன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தாள். லினக்ஸை உருவாக்கி வெளியிடுகிறவர்களுடைய பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் அவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்தாள். நீளமான இங்கிலீஷ். சுண்டுவிரலை வரிக்கு வரி வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தாள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. நாலாவது பக்கத்தின் அடியில் இரண்டே வரி கிடந்தது. பழைய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துப் போகலாம். அப்படி ஆனால் பெட்டி எழும்போது லினக்ஸின் அடிப்படையான கெர்னலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், கார்டை இயக்குகிற டிரைவர் என்ற பழைய மென்பொருளை நீக்கிவிட்டு, பெட்டியை மறுபடி எழுப்புங்கள். அவ்வளவுதான். எழுதியவன் பெயர்கூட இல்லை. அவன் அருவியை மேலே ஏற்றவுமில்லை, சாட்டிலைட்டை அதட்டவுமில்லை. ஒரு பெட்டியாவது கெட்டுப்போகக் கூடாதே என்று நினைத்திருக்கிறான். அந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டாள்.

முதலில் பெட்டியில் இருப்பதை எல்லாம் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அப்டேட். ஆயிரத்து நூற்றெட்டு காத்திருக்கிறது, தொடரலாமா, ஒய்யா என்னா என்று கேட்டது. அமுக்கினாள். ஒய்.

இரண்டேகாலுக்குப் பெட்டி அணைந்து எழுந்தது. திரை கறுத்துக் கிடந்தது.

"போச்சு," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான் பீர் மைதீன். "முதலாளிகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு அந்தத் தாளைப் படி. மெதுவா."

அவன் படித்தான். அவள் செய்தாள். பழைய கெர்னலில் எழுப்பினாள். டிரைவரை நீக்கினாள். ஒரு கட்டளையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பெட்டி திட்ட, மறுபடி அடித்தாள். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி எழுந்த திரையில் வெளிச்சம் வந்தது. கேமராவை மாட்டியதும் பீர் மைதீனின் தலையே அதில் பெரிதாகத் தெரிந்தது. அவன் தன் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே சூட்டோடு ஜெபக்கனி அந்த இரண்டு வரியையும் தமிழில் தட்டினாள். சங்குக் குழுவில் எழுத வழியில்லை. அதனால் தன் போனில் எண் இருந்தவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினாள். 'அப்டேட் போடலாம். நகல் எடுத்துவிட்டுப் போடுங்கள். பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.' பதினெட்டுப் பேருக்குப் போனது. முதல் ஆள் நயினார்.

நாலு மணிக்கு வடம் பிடித்தார்கள். வேட்டுச் சத்தம் அலுவலக ஜன்னலிலும் டிவியிலும் ஒன்றாகக் கேட்டது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. தேர் அசைந்தபோது ஜெபக்கனிக்குக் கண் கலங்கியது. சாமிக்காகவா, பெட்டிக்காகவா என்று அவளைக் கேட்டால் சொல்ல மாட்டாள்.

நாலரை இருக்கும். தேர் கீழரத வீதியில் திரும்புவதற்காக நின்றது. அந்த இடைவெளியில் பீர் மைதீன் கேமராவைத் தோளில் வைத்தபடியே கூட்டத்தில் மைக்கை நீட்டினான். பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி இரண்டு வார்த்தை சொன்னாள். அவள் தோளுக்குப் பின்னால் இருந்து ஒரு கை வந்து மைக்கைப் பிடித்தது. குத்தாலிங்கம். நெற்றி நிறையத் திருநீறு.

"நேயர்களே," என்றார். "இன்னைக்கு இந்த ஒளிபரப்பு உங்க வீட்டுக்கு வருதுன்னா அதுக்குக் காரணம் யாருன்னு ஊருக்குத் தெரியணும். காலையில ஊர்க்குரல் டிவியில இருந்து ஒரு பிள்ள அழுதுக்கிட்டே என் கடைக்கு வந்துச்சு. வந்த அப்டேட்டு சாதாரண அப்டேட்டு இல்ல. அதை அப்படியே போட்டிருந்தா இந்தக் கேமராவுல முன்னால போறது எல்லாம் பின்னால போகும். கேமராவுல போனா நெசத்துலயும் போகும். தேரு நிலைக்கு வராம நேரா ரிவர்ஸ்ல தாமிரபரணியைத் தாண்டி..."

கூட்டம் வாயைப் பிளந்தது. பீர் மைதீன் மைக்கை இழுத்தான், வரவில்லை. குத்தாலிங்கத்தின் பிடி அப்படி.

அறையில் ஜெபக்கனி ஒரு பொத்தானை அமுக்கினாள். ஊர் முழுக்க, துபாய் முழுக்க, திரையில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்து நின்றது: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. கூடவே நாதஸ்வரம். தேர் மறுபடி நகரும்வரை அப்படியே விட்டாள்.

மறுநாள் காலையில் குத்தாலிங்கம் ஊர்க்குரல் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அங்கே நயினார் தன் சிபியூவுக்குப் புது பவர் சப்ளை மாட்டிக்கொண்டு, ஜெபக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அப்டேட் போட்டுக்கொண்டிருந்தார். குத்தாலிங்கம் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"பாத்தியளா நேத்து? நான் வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசல, உங்க ஒளிபரப்பே அறுந்துட்டு! என் குரல்ல உள்ள கரண்டு அப்படி. கேபிளு, பெட்டி, சாட்டிலைட்டு, ஒண்ணும் தாங்கல!"

ஜெபக்கனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் தாங்கிச்சு அண்ணாச்சி. நான்தான் தாங்கல."